வெந்நீரும் விண்மீனும்



அளத்தல் எளிய செயல் என்று நாம் எண்ணுகிறோம். துணியை அளக்கக் கோல் உண்டு. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. கருவியை வைத்தோம், எண்ணைப் படித்தோம், வேலை முடிந்தது என்பதே பலருடைய கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்த நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவன் ஜவ்வாது மலையில் என்னிடம் பயின்ற ஒரு சிறுவன். அவனிடமிருந்தே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

1980களின் நடுவில், ஆசிரியப் பயிற்சி முடித்த சில ஆண்டுகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2500 அடி உயரத்தில் இருந்த ஒரு மலைப்பள்ளியில் பணியாற்றினேன். ஒருநாள் நீரின் கொதிநிலையைக் கண்டறியும் சோதனையை மாணவர்கள் செய்தனர். எல்லோரும் 100 பாகை என்று குறிப்பேட்டில் எழுதினர். ஒரு மாணவன் மட்டும் 97½ என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அதை அடித்து, பக்கத்தில் 100 என்று எழுதினேன். “மூன்று முறை பார்த்தேன், ஐயா,” என்றான் அவன். “கண்ணைத் திறந்து பார்,” என்று நான் கூறினேன். வகுப்பு சிரித்தது.

அந்த எண்ணைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன் வெப்பத்தை மனிதன் அளக்கக் கற்ற வரலாற்றைச் சிறிது காண்போம்.

தொட்டுப் பார்த்துச் சூடு, குளிர் என்று சொல்வதே பன்னெடுங்காலம் மனிதனின் வெப்பமானியாக இருந்தது. 1714 ஆம் ஆண்டில் பாரன்ஹீட் என்பவர் பாதரச வெப்பமானியைச் செம்மையாகச் செய்தார். 1742 இல் சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் செல்சியசு, நீர் உறையும் நிலைக்கும் கொதிக்கும் நிலைக்கும் இடையே நூறு பாகைகள் அமைத்தார். நூறு என்னும் எண் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் காற்றின் அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதை அவ்விரு அறிஞர்களுமே அறிந்திருந்தனர். எண்ணை நினைவில் வைத்த உலகம், அதற்குரிய நிபந்தனையை மறந்துவிட்டது.

பாதரச வெப்பமானிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அளக்க வேண்டிய பொருளிடத்திலேயே அது இருத்தல் வேண்டும். படிப்பவரும் அருகில் நிற்றல் வேண்டும். நெருங்க முடியாத பொருளின் சூட்டை அறிவது எவ்வாறு? இக்கேள்விக்குத் தற்செயலாக விடை கண்டவர் பெர்லினில் வாழ்ந்த சீபெக். 1821 ஆம் ஆண்டில் அவர் இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. வெப்பமே காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் கருதினார். உண்மையில் வளையத்தில் மின்னோட்டம் பாய்ந்திருந்தது. அம்மின்னோட்டமே ஊசியை அசைத்தது. காரணத்தில் அவர் தவறினார். ஆயினும் கண்டதை உள்ளவாறே எழுதி வைத்தார். அதனால் பின்வந்தோர் காரணத்தைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

இவ்வாறு இணைந்த இரு கம்பிகளை வெப்ப மின்னிரட்டை என்கிறோம். இதன் சிறப்பு, சூடான முனை ஓரிடத்திலும் முள் அசையும் கருவி வேறிடத்திலும் இருக்கலாம் என்பது. தொலைவிலிருந்து வெப்பத்தை அறியும் வழி திறந்துவிட்டது. இவ்வழியாக ஒருபுறம் வானூர்தி இயக்குவோரும், மறுபுறம் வானத்தை ஆராய்வோரும் சென்றனர். முதலில் வானூர்தியைக் காண்போம்.

1903 ஆம் ஆண்டு திசம்பர் 17 ஆம் நாள் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக 12 விநாடிகள் பறந்தது. அதில் காற்றின் வேகத்தைக் காட்டும் கருவியும், நேரங்காட்டியும், எஞ்சின் சுற்றுகளை எண்ணும் கருவியும் இருந்தன. எஞ்சினின் சூட்டைக் காட்டும் கருவி இல்லை. பன்னிரண்டு விநாடிப் பயணத்திற்கு அது வேண்டுவதில்லை. ஆனால் பயணங்கள் நீண்டன. 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா ‘பஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதனைச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். ஒற்றை எஞ்சின், அதுவும் காற்றினாலேயே குளிர்விக்கப்படுவது. அந்த எஞ்சின் நின்றால் விமானிக்கு வேறு துணை இல்லை.

காற்றினால் குளிரும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் செதில்கள் போன்ற தகடுகள் இருக்கும். எதிர்வரும் காற்று அவற்றினூடே சென்று வெப்பத்தைக் கொண்டுபோகும். விமானம் மெதுவாகச் செங்குத்தாய் ஏறும்போது எஞ்சின் மிகுதியாக உழைக்கிறது. காற்றோ குறைவாகக் கிடைக்கிறது. அப்போது சூடு ஏறும். சிலிண்டரின் தலைப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. சூடு மிகமிக அதன் வலிமை குறையும். ஆகையால் எஞ்சினைச் செய்வோர் ஓர் உச்ச வரம்பை விதிக்கின்றனர். பல சிறு விமான எஞ்சின்களில் அது ஏறத்தாழ 240 முதல் 260 பாகை செல்சியசு வரை இருக்கும். விமானி தம் இருக்கையில் அமர்ந்தவாறே அந்தச் சூட்டை அறிய வேண்டும். அதற்கு மின்னிரட்டையே ஏற்ற கருவியாயிற்று.

இரும்பும் கான்ஸ்டன்டன் என்னும் கலவையும் சேர்ந்த மின்னிரட்டையில், ஒரு பாகை வேறுபாட்டிற்கு எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் இலட்சத்தில் ஐந்து பங்கே ஆகும். இத்துணைச் சிறிய ஆற்றலைக் கொண்டு முள்ளை அசைக்கிறோம். ஆதலின் பிழை நுழைவதற்கு வழிகள் பல உண்டு. அவற்றுள் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, மின்னிரட்டை சூட்டைக் காட்டுவதில்லை. இரு முனைகளின் சூட்டு வேறுபாட்டையே காட்டுகிறது. சூடான முனை சிலிண்டரில் இருக்கிறது. மற்றொரு முனை விமானியின் முன்னுள்ள கருவியில் இருக்கிறது. அக்கருவி இருக்குமிடம் 20 பாகை என்று கொண்டு முகப்பில் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன என வைத்துக்கொள்வோம். சென்னையில் கத்திரி வெயிலில் அவ்விடம் 40 பாகையாக இருக்கிறது. சிலிண்டர் 220 பாகையில் இருந்தால், வேறுபாடு 180. முள்ளோ 180 உடன் 20 ஐக் கூட்டி 200 என்றே காட்டும். உண்மையைவிட 20 பாகை குறைவு! வெயில் மிகுந்த நாளில்தான் எஞ்சின் எளிதில் சூடேறும்; அந்நாளில்தான் கருவியும் அச்சம் வேண்டாம் என்று பொய் கூறும். இதனை உணர்ந்து, தன் முனையின் சூட்டைத் தானே அறிந்து ஈடுசெய்யும் ஏற்பாட்டைப் பிற்காலக் கருவிகளில் அமைத்தனர்.

இரண்டாவது, கம்பி. பழைய முள் கருவிகளில் இணைப்புக் கம்பியின் மின்தடையையும் கணக்கிட்டே எண்கள் பொறிக்கப்பட்டன. கம்பி நீளமாக இருக்கிறதே என்று ஒருவர் அதை வெட்டிச் சுருக்கினால் எண் மாறிவிடும். அதே உலோகக் கம்பிக்கு மாறாகச் சாதாரணச் செம்புக் கம்பியை இடையில் இணைத்தால், இணைத்த இடமே குளிர்ந்த முனையாகிவிடும். அவ்விடம் எஞ்சினுக்கு அருகில் சூடாக இருந்தால், காட்டும் எண் மேலும் குறையும்.

மூன்றாவது, அளக்கும் இடம். ஒரே சிலிண்டர்த் தலையில், இதற்கென அமைந்த குழியில் கருவியை வைத்தால் ஓர் எண். ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளையமாக வைத்தால் வேறோர் எண். எஞ்சினைச் செய்தவர் எந்த இடத்தை நினைத்து வரம்பை விதித்தாரோ, அந்த இடத்து எண்ணையே அவ்வரம்போடு ஒப்பிட வேண்டும். மேலும் நான்கு சிலிண்டர்கள் உள்ள எஞ்சினில் ஒன்றில் மட்டும் கருவி வைத்தால், மற்ற மூன்றில் ஒன்று அதனினும் சூடாக இருக்கக்கூடும். இக்காலத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியே காட்டும் மின்னணுக் கருவிகள் வந்துள்ளன.

கருவி சரியாக உள்ளதா என்பதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கழற்றிய முனையைக் கொதிக்கும் நீரில் அமிழ்த்தி, முள் எதைக் காட்டுகிறது என்று பார்ப்பதே அது. இங்கேதான் என் மாணவனின் 97½ மீண்டும் நம்முன் வருகிறது. உயரம் ஏறஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை குறையும். நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் பலரும் பயின்ற ‘புஷ்பக்’ என்னும் இரு இருக்கை விமானம் 1958 இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. அந்நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி மேலே உள்ளது. அங்கே நீர் 97 பாகை அளவிலேயே கொதிக்கும். கொதிநீர் என்றால் 100 என்று கொண்டு அங்கே ஒருவர் முள்ளைத் திருப்பி வைப்பாரானால், நல்ல கருவியைக் கெடுத்தவர் ஆவார்.

ஜவ்வாது மலையில் 2500 அடி உயரத்தில் நீர் எத்தனை பாகையில் கொதிக்கும்? 97½ பாகையில்! அந்தச் சிறுவன் எழுதியது முற்றும் உண்மை. மற்ற மாணவர்கள் எழுதியது நூலில் இருந்த எண். 1848 முதல் 1850 வரை இமயத்தில் பயணம் செய்த தாவர அறிஞர் ஊக்கர், நீரைக் கொதிக்கவைத்து அதன் சூட்டைக் கொண்டே மலைகளின் உயரத்தைக் கணித்தார். என் மாணவன் தன்னை அறியாமலே தன் மலையின் உயரத்தை அளந்திருந்தான். நான் அதன்மீது சிவப்புக் கோடு இட்டேன்.

இனி வானத்தின் வழியைக் காண்போம். விண்மீனின் வெப்பத்தை அளக்க இயலுமா? 1869 இல் இங்கிலாந்தில் அக்கின்சு என்னும் அறிஞர், பல மின்னிரட்டைகளை அடுக்கிய கருவியைத் தொலைநோக்கியில் பொருத்தி விண்மீன்களின் வெப்பத்தை உணர முயன்றார். 1920களில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் பெட்டிட், நிக்கல்சன் என்னும் இருவர், காற்று நீக்கிய சிமிழில் வைத்த மிக நுண்ணிய மின்னிரட்டையைக் கொண்டு கோள்களிலிருந்தும் விண்மீன்களிலிருந்தும் வரும் வெப்பத்தை அளந்தனர். விமானியின் முன் முள்ளை அசைக்கும் அதே சீபெக் விளைவுதான் அது.

அதே காலத்தில் ஒளியைக் கொண்டே வெப்பத்தைக் கணிக்கும் வழியும் தோன்றியது. திருவாதிரை செந்நிறமாகவும் சித்திரை நீலங்கலந்த வெண்ணிறமாகவும் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3500 கெல்வின், சூரியன் 5800, சித்திரையோ 20,000க்கும் மேல். நிறத்தை மட்டுமன்றி, நிறமாலையில் தோன்றும் கருங்கோடுகளையும் கொண்டு வெப்பத்தை அறியலாம் என்று 1920 இல் காட்டியவர் நம் நாட்டு மேகநாத சாகா. டாக்காவை அடுத்த சிற்றூரில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். அணுக்கள் எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் மின்னணுக்களை இழக்கும் என்பதை அவருடைய சமன்பாடு கூறியது. நெருங்க முடியாத விண்மீனுக்கு அது வெப்பமானி ஆயிற்று. அங்கும் சூட்டோடு அழுத்தத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

சாகாவின் சமன்பாட்டைப் பயன்படுத்தி, 1925 இல் செசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் அமெரிக்காவில் தம் ஆய்வேட்டை எழுதினார். விண்மீன்களில் மிகமிக அதிகமாக இருப்பது ஐதரசனே என்று அவர் கணக்கு கூறியது. அக்காலப் பேரறிஞர் ரசல் அதனை ஏற்கவில்லை. விண்மீன்களும் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனவை என்பதே அன்றைய நூல்களின் முடிவு. ஆகவே பெய்ன், தமக்குக் கிடைத்த அந்த எண் உண்மையாய் இருக்க இயலாது என்று தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1929 இல், ரசலே வேறு வழியில் ஆராய்ந்து, பெய்ன் கண்டது சரியே என்று ஒப்புக்கொண்டார். சிவப்பு மை எங்கும் உண்டு போலும்!

ஜவ்வாது மலைக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1960 இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய்வதற்கு ஏற்ற இருண்ட, தெளிந்த வானத்தைத் தேடி ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தார். 1968 இல் அங்கே 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி பணி தொடங்கியது; 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி முழுமையுறுவதற்கு முன்பே, 1982 இல் அவர் மறைந்தார். 1986 சனவரியில் அது நாட்டுக்கு அளிக்கப்பட்டபோது அவர் பெயரையே தாங்கியது.

அங்கே விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பதியும்போது, அதனுடன் ஒரு விளக்கின் ஒளியையும் பதிவர். அவ்விளக்கின் கோடுகள் எங்கே விழும் என்பது முன்பே தெரியும்; அவற்றோடு ஒப்பிட்டே விண்மீனின் கோடுகளைப் படிக்கின்றனர். ஒளியைப் பதியும் உணர்கருவியைத் திரவ நைட்ரசனால் கடுங்குளிரில் வைக்கின்றனர். கருவியின் சொந்தச் சூடே பொய்யான ஒளியாகப் பதிந்துவிடக் கூடாது என்பதே காரணம். மூடிய கருவியில் ஒளியின்றியும் ஒரு பதிவு எடுத்து, அதனைக் கழித்துவிடுகின்றனர். விமானக் கருவி தன் முனையின் சூட்டை அறிந்திருக்க வேண்டும் என்றோம். இங்கும் அதே நீதிதான். பிறரை அளக்குமுன் தன்னை அளந்துகொள்ள வேண்டும்.

1977 ஆம் ஆண்டு மார்ச்சு 10 ஆம் நாள் இரவு, யுரேனசு கோள் ஒரு விண்மீனைக் கடந்து செல்வதைக் காவலூரில் பதிவு செய்தனர். அதே இரவில் அமெரிக்க அறிஞர்கள், தொலைநோக்கி பொருத்திய ஒரு விமானத்தில் இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்தவாறு அதையே நோக்கினர். எதிர்பாராத வேளையில் விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. மேகம் என்றோ கருவியின் கோளாறு என்றோ அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை, பதிந்ததைப் பதிந்தவாறே வைத்தனர். பல இடத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் உண்மை வெளிப்பட்டது. விமானமும் ஜவ்வாது மலையும் அன்று ஒரே செய்திக்குச் சாட்சி கூறின.

மாணவ நண்பர்களே! என் பிழையை நான் உணர்ந்தது சில வாரங்களுக்குப் பின்னர். மேல்வகுப்பில் அழுத்தமும் கொதிநிலையும் என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோதே. அந்த விதி எனக்குத் தெரியாதது அன்று. ஆண்டுதோறும் அதைக் கற்பித்தவன் நான். தெரிந்திருந்தும், கண்முன் வந்தபோது அதை நான் அடையாளம் காணவில்லை. மறுநாளே அந்தச் சிறுவனின் குறிப்பேட்டை வாங்கி, 100 ஐ அடித்து 97½ என்று எழுதி, வகுப்பில் அனைவரும் கேட்க, தவறு என்னுடையது என்று கூறினேன். அவன் தலைகுனிந்து புன்னகை செய்தான்.

அத்துடன் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. ஆண்டின் இறுதியில் அவன் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தச் சோதனைக்குப் பின் செய்த ஒவ்வொன்றிலும், நூலில் உள்ள எண்ணே அரைப் புள்ளியும் பிசகாமல் இருந்தது. அவன் மூன்று முறை பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தான். கருவியில் நேர்ந்த பிழையைக் கொதிநீரில் இட்டுத் திருத்தலாம். உண்மையைச் சொன்ன ஒருவனை ஒருமுறை நகைத்துவிட்டால், அதைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று.

நாளை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் எண்ணைப் படிப்பீர்கள். அது நூலோடு மாறுபடலாம். அப்போது முதலில் கருவியைச் சோதியுங்கள், பின்னர் இடத்தையும் அழுத்தத்தையும் எண்ணிப் பாருங்கள், மீண்டும் பாருங்கள். அப்போதும் அதே எண் வருமாயின், அதையே எழுதுங்கள். உங்களுள் சிலர் ஆசிரியராகவும் ஆவீர்கள். அன்று ஒரு மாணவன், “மூன்று முறை பார்த்தேன், ஐயா,” என்று சொன்னால், சிவப்பு மையைத் தொடுமுன் நான்காவது முறையாக நீங்களும் அவனோடு சேர்ந்து பாருங்கள்.